தோட்டம் என்னும் இயந்திரம்: மலேசியத் தமிழ்ப் புனைவில் முல்லை மனப்பாங்கு குறித்து ஒரு மறுநோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் எவரும் தோட்டத்தை விலக்கிப் பேசுவதில்லை. சிறுகதை, நாவல், கவிதை, நினைவுக் குறிப்பு என எவ்வகையை எடுத்துக்கொண்டாலும் பால்மரமும் லயமும் கோயிலும் அவற்றின் நடுவே நிற்கக் காண்கிறோம். ஆயினும் இத்தோட்டம் இரு வேறு முகங்களைக் காட்டுகிறது. ஒரு முகம் துயரத்தினுடையது: கங்காணியின் அதட்டல், கிராணியின் கணக்கு, கூலிக்குறைவு, நோய். மற்றொன்று இழந்த இன்பத்தினுடையது: திருவிழா, பந்து விளையாடிய திடல், கதவடைக்காத வீடுகள், ஒரு குடும்பம் போல் வாழ்ந்த மக்கள். பல படைப்புகளில் இவ்விரு முகங்களும் அடுத்தடுத்த பக்கங்களிலேயே வருகின்றன. துன்பக் களமாக இருந்த ஓரிடம் எவ்வாறு இழந்த சொர்க்கமாகவும் இருக்க இயலும்? நமது திறனாய்வாளர்கள் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்பாமலே கடந்துள்ளனர். சிலர் முதல் முகத்தை மெய்யென்றும் இரண்டாவதை வெறும் ஏக்கமென்றும் ஒதுக்குகின்றனர். வேறு சிலர் இரண்டாவதைப் பண்பாட்டுப் பெருமையாகக் கொண்டாடி முதலாவதை மறக்கின்றனர்.

இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்க இலக்கியத்தைப் பற்றி எழுந்த திறனாய்வு நூல் ஒன்றை முதலில் துணைக்கு அழைக்கிறோம். அந்நூல் ஓர் எல்லைவரைதான் நமக்குத் துணைவரும். அதற்கு அப்பால் நம்முடைய திணைக் கோட்பாடே வழிகாட்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

அமெரிக்கத் திறனாய்வின் கோட்பாடு

லியோ மார்க்ஸ் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட 'தோட்டத்தில் இயந்திரம்' என்னும் நூல் அமெரிக்கப் பண்பாட்டு ஆய்வில் ஒரு திருப்பமாகும். ஆயர் வாழ்வின் எளிமையையும் நாட்டுப்புற அமைதியையும் இலட்சியமாகக் கொள்ளும் மனப்பாங்கை நாம் இங்கு 'முல்லை மனப்பாங்கு' எனச் சுட்டுவோம். அமெரிக்கர்கள் தம் நாட்டை ஒரு பெருந்தோட்டமாகக் கற்பனை செய்துகொண்டே அதனை உலகின் முதன்மைத் தொழில்நாடாகவும் ஆக்கினர் என்பது மார்க்ஸின் கருத்து. 1785இல் வெளிவந்த வர்ஜீனியா பற்றிய தம் நூலில் தாமஸ் ஜெஃபர்சன், தொழிற்கூடங்கள் ஐரோப்பாவிலேயே இருக்கட்டும், அமெரிக்கர் உழவராக இருப்பதே நன்று என வாதிட்டார். 1844ஆம் ஆண்டுக் கோடையில் நதானியல் ஹாதார்ன் கான்கார்டு ஊருக்கு அருகில் மரநிழலில் அமர்ந்து அமைதியைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது இரயிலின் ஊதல் அவ்வமைதியைக் கிழித்தது. 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தனித்து வாழ்ந்த தோரோவும் இரயிலின் ஓசைக்குத் தப்பவில்லை. இருப்புப்பாதை அக்குளத்தை ஒட்டியே சென்றது.

இச்சான்றுகளைக் கொண்டு மார்க்ஸ் ஒரு வேறுபாட்டை வகுக்கிறார். இயந்திரத்தைக் கண்டு முகஞ்சுளித்து, பழைய பசுமைக்கு ஏங்கி நின்றுவிடுவது உணர்ச்சிவயப்பட்ட முல்லை மனப்பாங்கு. பசுமையின் மீதுள்ள ஆசையையும், அந்த ஆசைக்குத் தடையாக நிற்கும் மெய்ம்மையையும் ஒருசேர எதிர்கொள்வது சிக்கலான முல்லை மனப்பாங்கு. சிறந்த இலக்கியம் இரண்டாவதிலிருந்தே பிறக்கும் என்கிறார் அவர். மலேசியத் தமிழ்ப் படைப்புகளைத் தரம் பிரிக்க இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும்.

ஆயினும் இக்கோட்பாட்டில் ஓர் ஊகம் மறைந்துள்ளது. தோட்டம் முன்னரே இருந்தது, இயந்திரம் பின்னர் வந்து புகுந்தது என்பதே அவ்வூகம். ஜெஃபர்சனின் சொந்த நிலத்தையே எடுத்துக்கொண்டால் இது எவ்வளவு நொய்மையானது என்பது விளங்கும். உழவனின் சுதந்திரத்தைப் போற்றிய அவருடைய மான்டிசெல்லோ நிலத்தில் உழைத்தவர்கள் அடிமைகள். அவர்களுக்கு அது இயந்திரம் நுழையாத அமைதித் தோட்டமாக இருந்ததில்லை. தோட்டத்தை மேடையிலிருந்து பார்ப்பவர் யார், அதில் குனிந்து உழைப்பவர் யார் என்ற வினா மார்க்ஸின் நூலில் உரிய இடம் பெறவில்லை. நமக்கோ அதுவே முதல் வினா.

இயந்திரம் முந்தியது, தோட்டம் பிந்தியது

ஜொகூர் மாநிலத்தின் வரலாறு அமெரிக்க வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. இங்கு ரப்பருக்கு முன்னரே காடு சந்தைக்கு உட்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் கங்சு முறையின் கீழ்க் காம்பீரும் மிளகும் பயிரிட்டனர். காம்பீர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகாகக் காடு எரிந்தது. மண் வளமிழந்தவுடன் அடுத்த காடு திருத்தப்பட்டது. 1909ஆம் ஆண்டு ஜொகூர் வழியாக இருப்புப்பாதை நிறைவெய்தியது. அதன் இருமருங்கிலும் கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. இரயில் வந்து தோட்டத்தின் அமைதியைக் கெடுக்கவில்லை; தோட்டம் பெருக இரயிலே வழி திறந்தது.

பால்மரமும் காட்டிலிருந்து தானாக வந்ததன்று. பிரேசிலிலிருந்து 1876இல் எடுத்துச் செல்லப்பட்ட விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தன. அவ்வழி வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை அடைந்தன. அங்கு ரிட்லி மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1908இல் ஹென்றி ஃபோர்டு தம் மலிவு விலை மோட்டார் வண்டியை வெளியிட்டபின் அமெரிக்காவின் டயர்த் தேவை பன்மடங்காயிற்று; 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. அமெரிக்க எழுத்தாளர் எந்த இயந்திரத்தைக் கண்டு தம் தோட்டத்திற்காகக் கவன்றாரோ, அவ்வியந்திரத்தின் சக்கரத்திற்குத்தான் மலாயாத் தோட்டத்தில் தமிழர் பால் வெட்டினர்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு 'தோட்டம்' என்னும் சொல்லை நோக்குவோம். மலாய் மொழி, பெருந்தோட்டத்தை 'லாடாங்' என்றும் பூந்தோட்டத்தை 'தாமான்' என்றும் பிரித்துரைக்கிறது. தமிழில் மட்டும் வீட்டுக்குப் பின்னே கீரை வளரும் இடமும், ஆயிரம் ஏக்கரில் ஒரே மரம் வரிசை பிடித்து நிற்கும் இடமும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. நம் இலக்கியத்தின் குழப்பம் இச்சொல்லிலேயே தொடங்குகிறது என்பது நம் கருத்து.

துரையின் முல்லை

மலாயாத் தோட்டத்தை முதன்முதல் முல்லை நிலமாக உலக இலக்கியத்தில் வரைந்தவர்களுள் பிரெஞ்சுத் தோட்டத்துரை ஹென்றி ஃபொக்கோனியே முதன்மையானவர். 1930இல் கொன்கூர் பரிசு பெற்ற அவரது 'மலேசியா' நாவல், நாகரிகத்தில் சலித்த ஐரோப்பியன் ஒருவன் வெப்பமண்டலப் பசுமையில் மன அமைதி தேடுவதைக் கூறுவது. மலாய் மக்களின் பந்துன் கவிதைகள் அதில் கனிவுடன் ஆளப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளரோ பெரும்பாலும் அந்நிலக்காட்சியின் பின்புலமாகவே நிற்கின்றனர். நாவலின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஃபொக்கோனியேதான் 1917இல் சிலாங்கூரில், 'தென்னமரம்' என்னும் தமிழொலி தாங்கிய தோட்டத்தில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கியவர். ஏட்டில் பசுமையைத் தேடியவரும் நிலத்தில் பயிர்த் தொழிலைப் பெருக்கியவரும் ஒருவரே. முல்லை மனப்பாங்கு தோட்ட முதலீட்டுக்குப் பகையாக இருக்க வேண்டியதில்லை, அதன் ஓய்வுநேரத் துணையாகவும் இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நம்மவர்களின் பார்வை இதற்கு மாறானது. பிஜித் தீவில் வாடிய பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடலில் தோட்டம் என்னும் சொல்லுக்கு இனிமையே இல்லை. மலேசியாவைக் களமாக்கி அகிலன் எழுதிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்பது பெயர். மரங்கள் நூல் பிடித்தாற்போல் நடப்பட்ட இடத்தைக் காடென்று அழைப்பது வந்து காணும் விருந்தினரின் கற்பனை மட்டுமன்று. களையெடுத்தல் போன்ற வேலைகளைத் தொழிலாளரே 'வெளிக்காட்டு வேலை' என்றுதான் வழங்கினர். நிறுவனம் காட்டை அழித்து வரிசையாக்கியது. தமிழர் நாவில் அவ்வரிசை மீண்டும் காடாயிற்று. சொல்லளவில் நிகழ்ந்த இம்மீட்பு சிறிதெனினும், அடுத்து நாம் கூறப்போவதற்கு அதுவே தோற்றுவாய்.

முதற்பொருளும் கருப்பொருளும்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகள், சங்க இலக்கியத்தில் நிலமும் கவிதையும் பிணைந்திருக்கும் முறையை உலக அறிஞர்க்கு எடுத்துரைத்தவர். அவரது 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்னும் ஆங்கில நூல் 1966இல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய அதே ஆண்டில் வெளிவந்தது. அடிகள் பழந்தமிழுக்குப் பயன்படுத்திய திணை நோக்கை இந்நாட்டுத் தோட்டத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். தோட்டத்தில் நிலம் பட்டாவின்படி நிறுவனத்துக்கு உரியது. பொழுதும் நிறுவனத்துக்கே உரியது. வெயில் ஏறுமுன், மரத்தில் நீர்மம் நிறைந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு சுரக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். ஆதலால் விடியலுக்கு முன்னரே பெரட்டுக்கு மணியடித்தது. வைகறை என்னும் சிறுபொழுது அங்குக் காதலர் ஊடலுக்கு உரியதாக இல்லை, வருகைப் பதிவுக்கு உரியதாயிற்று. உளி, மங்கு, வாளி, காண்டா, நிறுவைக் கொட்டகை என யாவும் மனித உடலை ஓர் உற்பத்தி வரிசையின் உறுப்பாக்கின. புகை கக்கும் ஆலை தோட்டத்தின் ஒரு மூலையில் இருந்தது உண்மை. ஆனால் அது மட்டுமே இயந்திரம் அன்று. தோட்டம் முழுமையுமே இயந்திரம்.

கருப்பொருள் என்பது தெய்வம், உணா, பறை, தொழில், மரம், விலங்கு முதலியன. இவற்றுள் தொழிலும் மரமும் நிறுவனம் தந்தவை. தெய்வமும் உணாவும் பறையும் தொழிலாளர் தாமே ஆக்கியவை. மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் அவர்கள் குடியேற்றினர். தப்பும் உறுமியும் முழங்கின. லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ந்தன. பள்ளிக்கூடம் இரண்டுக்கும் இடைப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. அக்கொட்டகையைப் பள்ளியாக்கியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும்.

இப்பாகுபாட்டை ஏற்றால் முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. தோட்டத்தைத் துயரக் களமாகப் பாடுவோர் முதற்பொருளைப் பாடுகின்றனர். இழந்த இன்பமாகப் பாடுவோர் கருப்பொருளைப் பாடுகின்றனர். இருவர் கூற்றும் மெய். பிழை எங்கு நேர்கிறதெனில், கருப்பொருளின் மீதுள்ள பற்றை முதற்பொருளின் மீது ஏற்றிக் கூறும்போதுதான். மக்கள் தம் கையால் இயந்திரத்தின் நடுவே ஆக்கிக்கொண்ட சிறு தோட்டத்தை, அவ்வியந்திரம் அளித்த கொடையாக எழுதிவிடும்போது ஏக்கம் பொய்யாகிறது.

மூன்று படைப்புகள்

இவ்வளவுகோலால் சில படைப்புகளை அளந்து பார்ப்போம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. சப்பானியர் ஆட்சியில் 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. அந்நாவலும், அதே நிகழ்வை 2005இல் நாவலாக்கிய அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்னும் படைப்பும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. ஹாதார்னுக்கு இரயில் செவியில் விழுந்த ஓர் ஊதல். மலாயாத் தமிழனுக்கு அவன் உடலையே சரக்காக ஏற்றிச் சென்ற வண்டி. அத்தகைய காட்டில் நின்று, விட்டுவந்த லயத்தை ஒருவன் எண்ணி ஏங்குவானாயின், அவ்வேக்கத்தைப் பொய்யென்று தள்ள எவருக்கும் உரிமையில்லை. கொடியதொன்றோடு ஒப்பிடும்போதே கொடியது இனியதாகிறது என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. பிற்காலத் தோட்ட ஏக்கத்தையும் நாம் இவ்வொளியில் படிக்க வேண்டும்.

கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளியிட்ட 'மீள்வருகை' எனப் பொருள்படும் நாவல், முதற்பொருளின் வினாவை நேரடியாக எழுப்புகிறது. பாட்டியாகிய பெரியத்தாய் தம் உழைப்பால் வீட்டை நிறுவியும் அம்மனைக்கு உரிமை பெறாமலே மறைகிறார். அவர் மகன் ஆற்றோரத்தில் குடிசை கட்டி நிலத்தைத் தனதாக்க முயன்று, உரிமைச்சீட்டு இல்லாத நிலையில் தீயில் மாய்கிறார். மண்ணைப் பண்படுத்தியவனுக்கும் மண்ணின் பட்டாவுக்கும் இடையேயுள்ள தொலைவை இந்நாவல் ஏக்கத்தால் மூடுவதில்லை. மார்க்ஸ் கூறும் சிக்கலான முல்லை மனப்பாங்கு நம்மவர் வாழ்விலிருந்து முகிழ்த்த சிறந்த சான்று இதுவே எனக் கருதுகிறோம்.

மூன்றாவதாக நாம் குறிப்பது தனியொரு நூலன்று. கடந்த முப்பது ஆண்டுகளாகச் சிறப்பு மலர்களிலும் இதழ்களிலும் பெருகியுள்ள நினைவுக் கட்டுரை வகையாகும். இவற்றின் ஆவணப் பயன் பெரிது. பேச்சுவழக்கும் விளையாட்டும் வழிபாடும் இவற்றால் காக்கப்பட்டுள்ளன. குறை ஒன்றே: நகரம் கெட்டது, தோட்டம் நல்லது என்ற எளிய எதிர்நிலையில் இவை முடிந்துவிடுகின்றன. தோட்டம் விற்கப்பட்டபோது குடியிருந்தோர்க்கு நிலத்தில் ஏன் உரிமை இல்லாது போயிற்று என்ற வினா அந்த எதிர்நிலையில் கரைந்துவிடுகிறது. 1950களில் தோட்டத் துண்டாடல் பெருகியபோது உங்கு அசிஸ் அதனை ஆராய்ந்தார், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரையே பங்குதாரராக்க முனைந்தார். ஏக்கத்தைச் செயலாக மாற்றிய அம்முயற்சி நினைவுக் கட்டுரைகளில் அரிதாகவே இடம்பெறுகிறது.

தோட்டம் தாமானாகிய கதை

சப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்கா 1942 முதல் செயற்கை ரப்பரைப் பேரளவில் ஆக்கத் தொடங்கியது. போருக்குப் பின்னர் இயற்கை ரப்பர் அதனோடு போட்டியிட நேர்ந்தது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை படிப்படியாக நுழைந்தது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்பட்ட ஆட்களும் குறைவு. அமெரிக்க இயந்திரம் இவ்வாறு தொலைவிலிருந்தே நம் தோட்டத்துக்குள் இருமுறை புகுந்தது: முதன்முறை டயர்த் தேவையாக வந்து மக்களைக் குவித்தது; மறுமுறை செயற்கை ரப்பராக வந்து அவர்களைக் கலைக்கத் துணைநின்றது.

ஜொகூர் பாருவில் இதன் இறுதிக்கட்டத்தைக் காண்கிறோம். 2006இல் இஸ்கண்டார் வளர்ச்சிப் பகுதி 2,217 சதுர கிலோமீட்டர் பரப்புடன் தொடங்கியது. மவுண்ட் ஆஸ்டின் ரப்பர்த் தோட்டம் இன்று அதே பெயரில் தாமானாகவும் வணிக வட்டாரமாகவும் விளங்குகிறது. லாடாங் தாமானாயிற்று, இரண்டையும் தமிழில் தோட்டம் என்றே பெயர்க்கலாம் என்பது மொழி நமக்குக் காட்டும் நகைமுரண். கேலாங் பாத்தாவுக்கு அப்பால் கடலைத் தூர்த்து எழுப்பிய நகருக்கு 'வன நகரம்' என்று பெயர். கூலாயில் செம்பனை நின்ற கூலாய் யங் தோட்டத்து நிலத்தில் ஒய்டிஎல் குழுமத்தின் 'பசுமைத் தரவு மையப் பூங்கா' எழுந்துள்ளது. கணினிகள் ஓய்வின்றி இயங்க மின்சாரமும், அவற்றைக் குளிர்விக்க நீரும் பெருமளவில் வேண்டும். அத்தகைய இடத்திற்கும் பசுமை, பூங்கா என்னும் சொற்களே தேவைப்படுகின்றன. ஃபொக்கோனியேயின் காலத்தில் துரையின் ஓய்வுநேரத்துக்கு உதவிய முல்லை மனப்பாங்கு இன்று விளம்பரப் பலகைக்கு உதவுகிறது. இயந்திரம் தோட்டத்தை விரட்டவில்லை. அதன் பெயரை உடுத்திக்கொண்டது.

இச்சூழலில் தோட்டத்தை வெறும் பசுமையாக நினைவுகூரும் எழுத்து ஒரு தீங்கினைச் செய்கிறது. பசுமைதான் இழப்பென்றால், நட்டுவைத்த புல்வெளியும் நிழற்சாலையும் அதனை ஈடுசெய்துவிடும் என நிலமேம்பாட்டாளர் எளிதில் விடைகூறுவர். இழப்பு பசுமையன்று. தெய்வத்தை நிறுத்திய இடம், பிள்ளைகள் எழுத்தறிந்த கூடம், இறந்தோரைப் புதைத்த மேடு, தலைமுறைகளின் உழைப்புக்கு உரிய உரிமை ஆகியனவே இழப்பு. இவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கும் இலக்கியமே, இன்னும் எஞ்சியுள்ள தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் வீடும் பேரம் பேசப்படும்போது, மக்கள் பக்கத்துச் சான்றாக நிற்கவல்லது.

முடிவுரை

சுருங்கக் கூறின், அமெரிக்கத் திறனாய்வு காட்டும் தோட்டமும் இயந்திரமும் என்ற எதிர்நிலை மலேசியத் தமிழ் இலக்கியத்திற்கு அப்படியே பொருந்துவதன்று. இங்குத் தோட்டமே இயந்திரமாக இருந்தது. அதன் இடுக்குகளில் மக்கள் வேறொரு தோட்டத்தை வளர்த்தனர். முதற்பொருள் பிறருடையது, கருப்பொருள் தம்முடையது என்னும் இந்நிலைக்கு உரிய உரிப்பொருள் யாது? இருத்தலா, இரங்கலா, பிரிதலா? சிலப்பதிகாரம் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைக் கூறுகிறது. காடு திரிந்து லாடாங்காகி, லாடாங் திரிந்து தாமானாகி, தாமானை அடுத்துத் தரவு மையங்கள் எழும் இந்நிலத்திற்குப் பழைய ஐந்திணைப் பெயர்களுள் ஒன்றை மட்டும் சூட்டிவிட இயலாது. அதற்குரிய உரிப்பொருளைக் கண்டு சொல்வது நம் படைப்பாளிகளின் பணி. தோட்டத்தை எழுதும்போது எந்தத் தோட்டத்தை எழுதுகின்றனர் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பது திறனாய்வாளராகிய நம் கடன்.